வான் டூசர் பரிசு: மீகடத்தி ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிக் கதைக்க ஓர் இழை

திருநெல்வேலிச் சந்தி:

ஒக்ரோபரில் நோபல் அறிவிப்பு வந்தால் நம் ஊரில் ஒரு கிழமைக்கு எல்லோரும் பௌதிகவியல் கதைப்போம். அப்புறம் அடங்கிவிடும். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் நான் ஆண்டுதோறும் ஆவலோடு தேடிப் பார்ப்பது இன்னொரு பரிசை. வான் டூசர் பரிசு என்று பெயர். பத்திரிகைகளில் வராது, தெரிந்தவர்களும் குறைவு. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மின், இலத்திரனியல் பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஈஈஈ 1991 முதல் பிரயோக மீகடத்துகைக்கென்றே (மீகடத்துகை என்றால், குளிர்வித்தால் ஒரு பொருளின் மின்தடை முற்றாக இல்லாமற் போவது) ஓர் ஆய்விதழ் நடத்திவருகிறது. ஓராண்டுத் தொகுதியில் வந்த கட்டுரைகளில் மிகச் சிறந்த ஒன்றுக்கு அந்த அமைப்பின் மீகடத்துகை மன்றம் இந்தப் பரிசைக் கொடுக்கிறது. இதழின் முதல் பிரதம ஆசிரியர் பெர்க்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் வான் டூசர். அவர் பெயரைத்தான் பரிசுக்கு வைத்திருக்கிறார்கள். மின்காந்த அலைகளைப் பற்றி ராமோ, வின்னரி ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய பாடநூலை நம் பொறியியல் பட்டதாரிகள் பலர் புரட்டியிருப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. மாநாட்டுக் கட்டுரைகளுக்கு இந்தப் பரிசு இல்லை. இந்தத் துறையில் பெரிய மாநாடுகள் நடக்கும். அங்கே வாசித்த கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் இதே இதழின் சிறப்புத் தொகுப்புகளாக வெளிவரும். அவையெல்லாம் போட்டியில் சேராது. தாமாக எழுதி, நேரடியாக இதழுக்கு அனுப்பி, மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஏற்கப்பட்ட கட்டுரைகள் மட்டும்தான் நிற்கும். மாநாட்டுக்குப் போக விசா வேண்டும், விமானச் சீட்டு வேண்டும், பதிவுக் கட்டணம் வேண்டும். நேரடியாக அனுப்பும் கட்டுரைக்கு இவை ஒன்றும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யோசிப்பவருக்கு இது பெரிய விசயம்.

இன்னொன்று. இந்தத் துறையின் வரலாறே கண்டுபிடிப்புக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட காலத்தின் வரலாறு. 1911 இல் லைடனில் காமர்லிங் ஒன்னெஸ் இரசத்தைக் குளிர்வித்து, 4.2 கெல்வினில் (பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகை செல்சியஸ்) அதன் தடை இல்லாமற் போவதைக் கண்டார். தடையில்லாத கம்பியில் வலிய காந்தம் சுற்றலாம் என்று அவரே திட்டமும் போட்டார். முடியவில்லை. அவர் கையில் இருந்த உலோகங்கள் சிறிய காந்தப்புலத்திலேயே மீகடத்துகையை இழந்துவிட்டன. நயோபியம்-தைத்தானியக் கலப்புலோகம் கம்பியாக வந்து உருப்படியான காந்தங்கள் சுற்றப்பட்டது 1960களில்தான். பீங்கான் வகை மீகடத்திகளிலும் இதே கதை. 1986 இல் பெட்நோர்ட்சும் முல்லரும் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் தொடங்கி வைத்தார்கள், அடுத்த ஆண்டே நோபல் கிடைத்தது. 1987 இல் இற்றியம்-பேரியம்-செப்பு ஒட்சைட்டு 90 கெல்வினைத் தாண்டியது. ஆனால் அந்த நொறுங்கும் பொருளை நீளமான நாடாவாகச் செய்து எடுக்கப் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் சென்றன. அந்தப் பத்தாண்டுகளில் உழைத்தவர்களின் கட்டுரைகளுக்குத்தான் இந்த மாதிரிப் பரிசுகள்.

இத்துறையில் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள் யாரும் இருந்தால் எழுதுங்கள்.


சுன்னாகம் லைன்:

மாஸ்ரர், உங்கள் எழுத்தை எப்போதும் வாசிப்பவன் நான். ஆனாலும் இதில் உடன்பாடில்லை.

நான் மின்சாரத் துறையில் வேலை செய்கிறேன். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது. தீவுகளில் இன்னும் டீசல் மின்பிறப்பாக்கி ஓடுகிறது. இதுதான் நம் நிலை. நமக்கு வேண்டியது சூரியக் கலம், காற்றாலை, மின்கலம் பற்றிய ஆய்வு. நம் கம்பஸ் பௌதிகவியல் துறை சூரியக் கலத்தில் நல்ல வேலை செய்கிறது, அதைப் பற்றி ஓர் இழை தொடங்கியிருக்கலாம். பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையில் வேலை செய்யும் பொருளைக் காட்டிப் பிள்ளைகளை ஏன் இழுக்கிறீர்கள்? அது பணக்கார நாடுகளின் ஆய்வகங்களுக்குள் நடக்கும் போட்டி. நம் பிள்ளை அதில் நுழைய வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?


வாடைக்காற்று:

அண்ணை, நானும் போனவர்களில் ஒருவன்தான். பிறந்தது வல்வெட்டித்துறை, இப்போது இருப்பது இங்கிலாந்தில். எம்ஆர்ஐ இயந்திரங்களின் காந்தங்களைப் பராமரிக்கும் வேலை. அதனால் நீங்கள் சொன்ன 269 பாகையோடுதான் தினமும் சீவியம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மூளையிலோ முள்ளந்தண்டிலோ பிரச்சினை என்றால் உங்கள் வீட்டாரை எந்த ஸ்கானுக்கு அனுப்புவார்கள்? 1.5 தெசுலா அல்லது 3 தெசுலா எம்ஆர்ஐ (தெசுலா என்பது காந்தப்புலத்தின் அலகு). அதன் உள்ளே இருப்பது நயோபியம்-தைத்தானியக் கம்பிச் சுருள், திரவ ஈலியத்தில் குளிர்வித்தது. கொழும்பிலும் அதேதான், இலண்டனிலும் அதேதான். பணக்கார நாட்டின் போட்டி என்று சொன்னாலும், அதன் பலன் நம் ஆட்களின் உடம்பிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

சரி, நான் எழுத வந்தது குவெஞ்ச் பற்றி, அதாவது காந்தம் திடீரென்று மீகடத்துகையை இழப்பது பற்றி. வான் டூசர் பரிசு எந்த மாதிரி வேலைக்கு என்று விளங்க இதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. மீகடத்திக் கம்பிக்கு மூன்று எல்லைகள் உண்டு: வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்டம். மூன்றில் எதையும் தனியாகப் பார்க்க முடியாது, ஒன்று கூடினால் மற்ற இரண்டுக்கும் இடம் குறையும். சுருளில் ஒரு கம்பி தலைமயிர் அளவு அசைந்தாலும் உராய்வில் சூடு பிறக்கும். அந்தப் புள்ளி எல்லையைத் தாண்டிச் சாதாரண உலோகமாகிவிடும். உடனே அங்கே தடை வரும், தடையால் மேலும் சூடு, பக்கத்துக் கம்பியும் போகும். வைக்கோற் பட்டறையின் ஒரு மூலையில் பிடித்த நெருப்பு மாதிரி. காந்தத்தில் சேமித்திருந்த சக்தி முழுவதும் சில விநாடிகளில் வெப்பமாக மாறும். திரவ ஈலியம் ஒரு லீற்றர் அறை வெப்பநிலைக்கு வந்தால் ஏறத்தாழ 750 லீற்றர் வாயுவாகும். அது வெளியேறப் பெரிய குழாய் இல்லையென்றால் அந்த அறையில் இருப்பவர் மூச்சுத் திணறிச் சாகலாம்.

2008 செப்ரெம்பர் 19 இல் ஜெனீவாவில் சேர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீற்றர் துணிக்கை முடுக்கி வளையத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரே ஓர் இணைப்பில் இருந்த மிகச் சிறிய தடைதான் தொடக்கம். 50க்கு மேற்பட்ட காந்தங்கள் பழுதாகின, ஓராண்டுக்கு மேலாக இயந்திரம் நின்றது. ஆகவே, ஓர் இணைப்பை எப்படிப் பற்றாசு வைப்பது, அதன் தடையை எப்படி அளப்பது, குவெஞ்ச் தொடங்கியதை எப்படி முன்கூட்டியே அறிவது என்று எழுதும் ஒரு கட்டுரை, ஆயிரக்கணக்கான ஆட்களின் உழைப்பைக் காப்பாற்றும். அப்படி எழுதுபவருக்கு ஆண்டுக்கு ஒரு பரிசு கொடுப்பது மிகவும் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மாஸ்ரர், மாநாட்டுக் கட்டுரையை விலக்கும் விதியை உங்கள் அளவுக்கு என்னால் பாராட்ட முடியாது. பீங்கான் நாடாவில் குவெஞ்ச் மிக மெதுவாகப் பரவும், அதனால் ஓரிடத்திலேயே சூடு குவிந்து நாடா எரிந்துவிடும். 2011 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹான், இவாசா குழுவினர், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் காப்புறையே போடாமல் நாடாவைச் சுற்றிக் காட்டினார்கள். ஓரிடம் கெட்டால் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தானாகத் தாவிவிடும். நான்கே பக்கம், மாநாட்டுத் தொகுப்பில் வந்த கட்டுரை. 2019 இல் புளோரிடாவில் 45.5 தெசுலா தொட்ட சிறிய சுருள் அந்த வழியில் சுற்றியதுதான். துறையைத் திருப்பிப் போட்ட அந்த நான்கு பக்கத்துக்கு உங்கள் விதிப்படி இடமில்லை.


திருநெல்வேலிச் சந்தி:

வாடைக்காற்று, நல்ல உதாரணம். நான்கு பக்கத்தில் ஒரு புதிய யோசனையை எறியலாம், அதற்கு மாநாடுதான் சரியான இடம். ஆனால் அந்த நான்கு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னோர் ஆய்வகம் அதே சுருளைச் சுற்றி அதே எண்ணை எடுக்க முடியுமா? முழுநீளக் கட்டுரையில் நான் தேடுவது அதை. எம்ஐடியும் அணுக்கரு இணைவு உலை கட்டும் கொமன்வெல்த் பியூசன் நிறுவனமும் 2021 செப்ரெம்பரில் 20 தெசுலா காந்தத்தை ஓட்டினார்கள். செய்தி அன்றைக்கே உலகம் முழுக்கப் போனது. ஆனால் 2024 பங்குனியில் இதே ஐஈஈஈ இதழில் ஆறு கட்டுரைகளாக வந்த விபரம்தான் எனக்குப் பெரிது. நாடாவை எப்படி வாங்கினார்கள், எப்படிச் சோதித்தார்கள், எப்படிச் சுற்றினார்கள் என்று எழுதினார்கள். கடைசியில் முழு மின்னோட்டத்தில் வேண்டுமென்றே குவெஞ்ச் செய்து, காந்தம் எங்கே சேதமடைந்தது என்பதையும் எழுதினார்கள். தம் காந்தம் உருகிய இடத்தைக் காட்டும் கட்டுரையை நான் நம்புவேன்.

பரிசுகளிலும் எல்லாம் இந்த ஒன்றல்ல. பிரித்தானியாவில் இருந்து வரும் இன்னோர் இதழ், கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் எவெற்சின் நினைவாக இளம் ஆய்வாளர்களின் கட்டுரைக்குப் பரிசு வைத்திருக்கிறது. ஐஈஈஈ மன்றமே பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் புலமைப்பரிசிலும் கொடுக்கிறது. பிள்ளைகள் இவற்றையும் பார்த்து வைக்க வேண்டும்.


கொழும்புத்துறை:

நான் பௌதிகவியல் ஆள் இல்லை, கணக்கியல். ஆனால் மீகடத்தி என்றால் எனக்கு நினைவு வருவது ரங்க டயஸ். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய், அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி கண்டுபிடித்துவிட்டார் என்று நம் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் செய்தி வந்தது. இலங்கையரின் பெயர் கெட்டுப்போனதாக எனக்கு இன்னும் கவலை. இந்தப் பரிசு கொடுப்பவர்கள் இப்படி ஏமாற மாட்டார்களா?


இணுவில் பிள்ளை:

நான் கம்பஸில் பௌதிகவியல் சிறப்புக் கற்கை, இறுதியாண்டு. கொழும்புத்துறை அண்ணாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கட்டுரை 2020 ஒக்ரோபரில் நேச்சர் இதழில் வந்தது. காபன், கந்தகம், ஐதரசன் சேர்ந்த பொருள், 267 கிகாபஸ்கல் அமுக்கத்தில், 15 பாகை செல்சியஸில் மீகடத்துகிறது என்றார்கள். 2022 செப்ரெம்பரில் நேச்சர் அதைத் திரும்பப் பெற்றது. காந்த ஏற்புத்திறன் (வெளிக் காந்தப்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை) அளவீட்டில் பின்னணிச் சமிக்ஞையைக் கழித்த முறைதான் முக்கியமான சிக்கல். மூலத் தரவைக் கேட்டு, அதைத் தாமே கணக்கிட்டுப் பார்த்தவர்கள்தான் அதை வெளியே கொண்டு வந்தார்கள். 2023 பங்குனியில் இரண்டாவது கட்டுரை, நைதரசன் கலந்த லுற்றேசியம் ஐதரைட்டு. அதே ஆண்டு நவம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. கூட எழுதியவர்களில் பெரும்பாலோரே அதைக் கேட்டார்கள். பிறகு அவர் வேலை செய்த ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணையும் ஆய்வு முறைகேடு நடந்ததாக முடிவு செய்தது.

அதே 2023 ஆடியில் தென்கொரியாவில் இருந்து, அறை வெப்பநிலை மீகடத்தி என்று சொல்லப்பட்ட எல்கே-99 வந்தது. எங்கள் வகுப்பில் ஒருவரும் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. சில கிழமைகளிலேயே முடிந்துவிட்டது. தடை திடீரென்று விழுந்தது மீகடத்துகையால் அல்ல, உள்ளே மாசாக இருந்த செப்புச் சல்பைட்டு 104 பாகைக்குக் கிட்ட நிலைமாறுவதால் என்று பல ஆய்வகங்கள் சோதித்துக் காட்டின.

இலங்கையரின் பெயர் கெட்டதா என்ற கேள்வியை நானும் யோசித்திருக்கிறேன். ஒரு கட்டுரையில் பிழை இருந்தால் அதை எழுதியவர்தான் பொறுப்பு. அந்தச் சுமையை இங்கே இருந்து எழுதப் போகும் ஒவ்வொருவரின் தலையிலும் வைக்க வேண்டாம். ஆனால் நாங்கள் அனுப்பும் கட்டுரையில் மூலத் தரவைச் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி என் கேள்வி. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு மீகடத்தி எடுக்க எனக்கு மிகவும் விருப்பம். எங்களிடம் திரவ ஈலியம் இல்லை. கணினியில் மாதிரியாக்கம் செய்யலாம் என்றால் எல்லோரும் பாவிக்கும் மென்பொருளின் உரிமக் கட்டணம் எங்கள் எட்டுத்தூரத்தில் இல்லை. இங்கிருந்து உண்மையாகவே ஏதாவது செய்ய முடியுமா? சும்மா ஊக்கப்படுத்துவதற்காக ஓம் என்று சொல்ல வேண்டாம்.


வாடைக்காற்று:

தங்கச்சி, முடியும். காரணத்தோடு சொல்கிறேன்.

மென்பொருளை முதலில் பார்ப்போம். பெல்ஜியத்தில் உருவான கெற்டிபி என்ற முடிவுறு மூலகத் தீர்ப்பான் (பொருளைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்) இலவசம். வலையமைக்க அதோடு ஜிமெஷ், அதுவும் இலவசம். உயர் வெப்பநிலை மீகடத்தி மாதிரியாக்கக் குழுவினர் தரமான சோதனைக் கணக்குகளைத் தங்கள் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் விடை அவர்கள் விடையோடு பொருந்தினால்தான் நீங்கள் அடுத்த படிக்குப் போகலாம். ஆய்வகம் இல்லாத ஒருவருக்கு இதுதான் பரிசோதனை.

அடுத்தது தரவு. நியூசிலாந்தில் வெலிங்டனில் உள்ள ரொபின்சன் ஆய்வு நிறுவனத்தில் விம்புஷ், ஸ்ற்றிக்லண்ட் என்ற இருவர், சந்தையில் உள்ள மீகடத்தி நாடாக்களை வாங்கி, வெப்பநிலை, காந்தப்புலம், புலம் விழும் கோணம் ஆகியவற்றை மாற்றி மாற்றி அளந்து, எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட்டார்கள். 2017 இல் இதே ஐஈஈஈ இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். இலட்சக்கணக்கான பவுண் பெறுமதியான கருவி எடுத்த எண்கள், இணுவிலில் உங்கள் மடிக்கணினிக்கு இலவசமாக வரும். அந்த இருவரையும் நான் நேரில் கண்டதில்லை, ஆனால் மனதார நன்றி சொல்கிறேன்.

தலைப்பு என்று கேட்டால் ஆடலோட்ட இழப்பு. நேரோட்டத்தில் மீகடத்திக்கு இழப்பில்லை. ஆடலோட்டத்தில் காந்தப்புலம் உள்ளே போவதும் வருவதுமாக இருக்கும், அதனால் வெப்பம் பிறக்கும். 77 கெல்வினில் பிறக்கும் ஒரு வாற் வெப்பத்தை வெளியேற்ற வெளியே பத்து வாற்றுக்கு மேல் மின்சாரம் செலவாகும். ஆகவே அந்த இழப்பைச் சரியாகக் கணக்கிட்டுக் குறைத்தால்தான் மீகடத்தி மோட்டரும் ரான்ஸ்போமரும் கட்டுப்படியாகும். கணக்கில் உள்ள சிக்கல் வடிவம். நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றர், அதில் மீகடத்திப் படலத்தின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றர் அளவு. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம், வலையமைத்தால் கணினி திணறும். படலத்தைத் தடிப்பே இல்லாத தாள் என்று எடுத்துக்கொண்டு தீர்க்கும் முறை ஒன்று 2010களின் பிற்பகுதியில் வந்தது. அதனால் நூற்றுக்கணக்கான சுற்றுகள் உள்ள சுருளையும் சாதாரண கணினியில் ஓட்டலாம்.


சுன்னாகம் லைன்:

நான் திரும்பவும் குறுக்கே வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். ரான்ஸ்போமர் என்ற சொல் வந்ததால் கேட்கிறேன். மின் வலையமைப்பில் எங்கேயாவது மீகடத்தி நிசமாக ஓடுகிறதா, இல்லை எல்லாம் கட்டுரையில்தானா? அப்படி ஓடினால் பாணந்துறை மாதிரி ஒன்றைத் தடுத்திருக்குமா?


வாடைக்காற்று:

ஓடியது, ஓடுகிறது அண்ணை. ஜேர்மனியில் எசன் நகரத்தில் 2014 இல் ஒரு கிலோமீற்றர் நீளமான 10 கிலோவோல்ற் மீகடத்திக் கேபிள் இணைத்தார்கள், 40 மெகாவாற் கொள்ளளவு. அந்த அளவு மின்சாரத்தைச் சாதாரணமாக 110 கிலோவோல்ற்றில்தான் நகரத்துக்குள் கொண்டுவர வேண்டும். மீகடத்தியில் 10 போதும் என்றால் நடு நகரத்தில் ஓர் உபமின்நிலையமே மிச்சம். 2021 கடைசியில் சங்காயில் 35 கிலோவோல்ற்றில் 1.2 கிலோமீற்றர்.

எசன் கேபிளோடு தொடரில் இன்னொன்றும் இருந்தது, அது உங்கள் வேலைக்கு நெருக்கமானது: மீகடத்தி வழுவோட்ட மட்டுப்படுத்தி. சாதாரண நேரத்தில் அதற்குத் தடை இல்லை. குறுஞ்சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் எல்லையைத் தாண்டினால் சில மில்லிசெக்கனில் தானாகத் தடையாகிவிடும். பிறேக்கர் திறக்க முன்பே ஓட்டம் கட்டுக்குள் வந்துவிடும். உணரி வேண்டாம், கட்டளை வேண்டாம், பொருளின் குணமே பாதுகாப்பு.

ஆனால் பாணந்துறையை அது தடுத்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். அன்று ஞாயிறு மதியம், கேள்வி குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. சமநிலை குலைந்ததும் அதைத் தாங்க வலையமைப்பில் நிலைமம் போதவில்லை. அதற்கு வேறு மருந்து வேண்டும்.


சுன்னாகம் லைன்:

நேர்மையான பதில், நன்றி. மட்டுப்படுத்தி பற்றி மட்டும் வாசித்துப் பார்க்கிறேன். குறுஞ்சுற்றில் ரான்ஸ்போமரின் உட்சுருள் நசிந்து கிடப்பதைக் கழற்றிப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். மற்றபடி இந்த ஊருக்குச் சூரியக் கலம்தான் முதலில் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் பிள்ளை செய்ய விரும்பினால் செய்யட்டும்.


அளவெட்டிக் கால்நடை:

இழையை முதலில் இருந்து வாசித்தேன், பாதி விளங்கியது. ஒரு விசயம் மட்டும் சொல்ல வேண்டும். மேலே 77 கெல்வின் என்று எழுதியிருக்கிறீர்கள். அது திரவ நைதரசனின் கொதிநிலை, இல்லையா? அது எங்களிடம் இருக்கிறது. மாடுகளுக்குச் செயற்கைச் சினைப்படுத்தலுக்கான விந்துக் குச்சிகளை அதற்குள்தான் வைத்திருக்கிறோம். அதனால் திரவ நைதரசன் குடாநாட்டுக்குள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கான கொள்கலனும் உண்டு, பழகிய ஆட்களும் உண்டு. தங்கச்சிக்கு ஒன்றிரண்டு லீற்றர் தேவையென்றால் துறைத் தலைவரின் கடிதத்தோடு முறைப்படி கேட்கலாம். ஒன்று கவனம். பூட்டிய அறையில் ஊற்றக் கூடாது, நைதரசன் நிறைந்தால் மூச்சு முட்டுவது கூட ஆளுக்குத் தெரியாது. காற்று இறுக மூடிய போத்தலில் அடைக்கவும் கூடாது, வெடித்துவிடும்.


இணுவில் பிள்ளை:

அண்ணா, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை! அப்படியென்றால் கணினியோடு நிற்க வேண்டியதில்லை. எங்கள் ஆய்வகத்தில் 950 பாகை வரை போகும் உலை இருக்கிறது. இற்றியம் ஒட்சைட்டு, பேரியம் காபனேற்று, செப்பு ஒட்சைட்டு மூன்றையும், உலோக அணுக்கள் 1:2:3 என்று வரும்படி நிறுத்து, அரைத்து, சுட்டு, பிறகு ஒட்சிசனில் மெதுவாக ஆற விட்டால் இற்றியம்-பேரியம்-செப்பு ஒட்சைட்டுக் குளிகை செய்யலாம் என்று படித்திருக்கிறேன். அதன் தடையை 77 கெல்வின் வரை அளந்து, பிறகு அதே குளிகைக்கு மாதிரியாக்கமும் செய்யலாமா சேர்?


திருநெல்வேலிச் சந்தி:

பிள்ளை, தாராளமாகச் செய்யலாம். பேரியம் காபனேற்று நஞ்சு, முகமூடியும் கையுறையும் போட்டுத்தான் அரைக்க வேண்டும். ஒட்சிசனில் ஆற விடும் படியில் அவசரப்படாதே. 400 முதல் 500 பாகைக்குள் நீண்ட நேரம் வைத்தால்தான் ஒட்சிசன் போதுமான அளவு உள்ளே போகும். போகாவிட்டால் பார்வைக்கு அதே கறுப்புக் குளிகைதான், ஆனால் நைதரசனில் போட்டாலும் மீகடத்தாது.

உலையில் சுட்ட குளிகையின் மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி (மீகடத்துகை கெடாமல் தாங்கும் உச்ச மின்னோட்டத்தின் அடர்த்தி), வாங்கும் நாடாவின் பக்கத்திலும் வராது. பளிங்கு மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் மின்னோட்டம் தடைப்படும். அதனால் குளிகையையும் நாடாவையும் ஒரே மாதிரியாக்கத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம். குளிகைக்கு நீ அளந்த எண், நாடாவுக்கு வெலிங்டன் தரவு என்று இரண்டையும் தனித்தனியாக ஓட்டு. இரண்டுக்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பதை எழுதினால் அதுவே உன் அறிக்கையின் நல்ல அத்தியாயமாகும்.


வாடைக்காற்று:

அளவீடு பற்றி ஒன்று சேர்க்கிறேன். நான்கு முனை முறையில்தான் அளக்க வேண்டும்: மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பி, மின்னழுத்த வேறுபாட்டுக்குத் தனியாக இரண்டு. இரண்டு கம்பியால் அளந்தால் தொடுகையின் தடையே முழுவதையும் மூடிவிடும். இத்துறையில் மாறுநிலை மின்னோட்டம் என்று சொல்வது, ஒரு சென்றிமீற்றருக்கு ஒரு மைக்ரோவோல்ற் தோன்றும் இடத்தை. மிகச் சிறிய அழுத்தம், ஆகவே அழுத்தக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவர வேண்டும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டு தடவை அளந்து, கிடைக்கும் இரண்டு தடைகளின் சராசரி எடுத்தால் வெப்பமின் அழுத்தம் கழிந்துவிடும். இரண்டு அளவீட்டின் மூல எண்களையும் அறிக்கையோடு இணைத்துவிடுங்கள், சராசரியை மட்டும் கொடுக்க வேண்டாம்.


அளவெட்டிக் கால்நடை:

கடிதத்தில் எத்தனை லீற்றர், என்ன தேவைக்கு, எந்தக் கொள்கலனில் கொண்டுபோவீர்கள் என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும் தங்கச்சி. நைதரசன் லொறி வந்த அடுத்த நாள் வந்தால் நல்லது, அப்போதுதான் மிச்சம் இருக்கும்.